நம் அலுவலக சர்வரை விண்டோஸ் ஏன் அந்நியமாகப் பார்க்கிறது?

கணினி: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: அம்பத்தூர் தொழிற்பேட்டையில் உள்ள ஒரு சிறு தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் பணிபுரிகிறேன். எங்கள் பில்லிங் மென்பொருள் சர்வரில் இருக்கிறது. மற்ற கணினிகளில் அதன் ஷார்ட்கட் மட்டும் டெஸ்க்டாப்பில் உள்ளது. அதைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் ‘ஓப்பன் ஃபைல் – செக்யூரிட்டி வார்னிங்’ என்ற பெட்டி தோன்றி, இந்தக் கோப்பை உருவாக்கியவர் யாரென்று உறுதிசெய்ய முடியவில்லை, இயக்கத்தான் வேண்டுமா என்று கேட்கிறது. ‘ரன்’ என்பதை அழுத்தினால் மென்பொருள் ஒழுங்காகவே வேலை செய்கிறது. கணினி பழுது பார்க்க வருபவர், செக்யூரிட்டி லெவலைக் குறைத்துவிட்டால் இந்தத் தொல்லை போய்விடும் என்கிறார். செய்யலாமா?
– ஒரு வாசகி, அம்பத்தூர்

பதில்: செய்ய வேண்டாம். அந்தப் பெட்டியை வரவிடாமல் செய்ய வழி இருக்கிறது. ஆனால் அது செக்யூரிட்டி லெவலைக் குறைக்கும் வழி அல்ல.

முதலில் அந்தப் பெட்டி ஏன் வருகிறது என்று பார்ப்போம். 2004 ஆகஸ்டில் வெளியான விண்டோஸ் எக்ஸ்.பி. சர்வீஸ் பேக் 2 முதல், ஒரு கோப்பு எங்கிருந்து வருகிறது என்பதைப் பார்த்த பிறகே விண்டோஸ் அதை இயக்குகிறது. வரும் இடங்களை அது ஐந்து மண்டலங்களாகப் பிரித்து வைத்திருக்கிறது: சொந்தக் கணினி 0, அலுவலகத்தின் உள் நெட்வொர்க் 1, நம்பகமான தளங்கள் 2, இன்டர்நெட் 3, தடை செய்யப்பட்டவை 4. உங்கள் சர்வர் அடுத்த அறையில் இருந்தாலும் விண்டோஸ் அறையைப் பார்ப்பதில்லை, முகவரி எழுதப்பட்டிருக்கும் விதத்தைத்தான் பார்க்கிறது. \\192.168.1.10\ என்பதுபோல நடுவில் புள்ளிகள் உள்ள முகவரி என்றால், அது ஐ.பி. எண்ணாக இருந்தாலும் முழு டொமைன் பெயராக இருந்தாலும், இயல்பாக மூன்றாம் மண்டலத்தில், அதாவது இன்டர்நெட் கணக்கில் சேர்ந்துவிடுகிறது. சர்வரை Z: என்று டிரைவாக மேப் செய்து வைத்திருந்தாலும், அந்த எழுத்துக்குப் பின்னால் இருக்கும் உண்மையான முகவரியே கணக்கில் எடுத்துக்கொள்ளப்படும். அடுக்குமாடிக் குடியிருப்பின் காவலாளி, பெயர் பதிவேட்டில் இல்லை என்பதால் வீட்டுக்காரரின் மகனையே வாசலில் நிறுத்திக் கேட்பதைப் போன்றது இது. காவலாளியின் மேல் குற்றமில்லை. பதிவேட்டில் பெயரைச் சேர்க்க வேண்டியது நம் பொறுப்பு.

அடுத்த முறை அந்தப் பெட்டி வரும்போது ‘ரன்’ அழுத்துவதற்கு முன், அதன் அடியில் உள்ள சிறிய எழுத்து வரியைப் படியுங்கள். இந்தக் கோப்பு உங்கள் லோக்கல் நெட்வொர்க்குக்கு வெளியே உள்ள இடத்தில் இருக்கிறது என்ற பொருளில் ஆங்கிலத்தில் எழுதியிருந்தால், மேலே சொன்ன முகவரிச் சிக்கல்தான் காரணம். அந்த வரிக்குப் பதிலாக, ‘ஆல்வேஸ் ஆஸ்க் பிஃபோர் ஓப்பனிங் திஸ் ஃபைல்’ என்ற சிறு கட்டம் இருந்தால் காரணம் வேறு. அதற்குப் பிறகு வருகிறேன்.

முகவரிச் சிக்கலைத் தீர்க்கும் முறை இது. ஸ்டார்ட் மெனுவில் ‘இன்டர்நெட் ஆப்ஷன்ஸ்’ என்று தேடித் திறந்து, ‘செக்யூரிட்டி’ பகுதிக்குச் சென்று, ‘லோக்கல் இன்ட்ராநெட்’ படத்தைத் தேர்ந்தெடுத்து, ‘சைட்ஸ்’ பொத்தானையும் பிறகு ‘அட்வான்ஸ்டு’ பொத்தானையும் அழுத்துங்கள். திறக்கும் கட்டத்தின் அடியில், பாதுகாப்பான இணைப்பு இருந்தால்தான் சேர்ப்பேன் என்று ஒரு டிக் இருந்தால் அதை எடுத்துவிட்டு, உங்கள் ஷார்ட்கட்டில் உள்ளபடியே சர்வரின் முகவரியை, இரண்டு சாய்கோடுகளுடன், \\192.168.1.10 என்று தட்டி ‘ஆட்’ கொடுங்கள். திறந்திருக்கும் எக்ஸ்ப்ளோரர் ஜன்னல்களை மூடிவிட்டு, ஒருமுறை லாக் ஆஃப் செய்து திரும்பி வந்து மென்பொருளைத் திறந்து பாருங்கள். இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 2022 ஜூன் 15 அன்று ஓய்வு பெற்றுவிட்டதே, அதன் அமைப்புகளை இப்போது மாற்றி என்ன பயன் என்று சிலர் கேட்பதுண்டு. அந்த பிரவுசர் போனாலும் இந்த மண்டலப் பட்டியல் விண்டோஸின் பகுதியாக இன்றும் இருக்கிறது. கோப்புகளைத் திறக்கும்போது விண்டோஸ் பார்ப்பது இதைத்தான்.

ஐ.பி. எண்ணைச் சேர்ப்பதில் ஒரு குறை உண்டு. சிறு அலுவலகங்களில் சர்வர் என்று சொல்லப்படும் கணினிக்கு ரௌட்டரே எண் கொடுக்கிறது. மின்வெட்டு வந்து, யு.பி.எஸ்.ஸும் ஓய்ந்து, ரௌட்டர் மறுபடி உயிர் பெறும்போது 10 என்று இருந்த சர்வர் 14 ஆகிவிடக்கூடும். ஷார்ட்கட் வேலை செய்யவில்லை என்று பழுது பார்ப்பவரை அழைப்பீர்கள். அவர் புதிய எண்ணைப் போட்டுச் சரிசெய்துவிட்டுப் போவார். மறுநாள் காலை அதே எச்சரிக்கைப் பெட்டி திரும்பி வந்து நிற்கும், ஏனென்றால் பட்டியலில் இருப்பது பழைய எண். ஆகவே ரௌட்டரிலேயே சர்வருக்கு நிரந்தர எண்ணை ஒதுக்கிவிடுங்கள், அல்லது ஷார்ட்கட்டிலும் பட்டியலிலும் எண்ணுக்குப் பதில் சர்வரின் பெயரைப் பயன்படுத்துங்கள். நான் பெயரையே பரிந்துரைப்பேன். புள்ளி இல்லாத வெறும் பெயர் உள் நெட்வொர்க்காகக் கருதப்படுவதற்கான வாய்ப்பும் அதிகம்; ஆனால் டொமைன் (எல்லாக் கணினிகளையும் ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் அமைப்பு) இல்லாத சிறு அலுவலகத்தில் அதுவும் உறுதியில்லை என்பதால், பெயரையும் பட்டியலில் சேர்ப்பதே நல்லது.

டொமைன் வைத்திருக்கும் பெரிய அலுவலகங்களில் ஒவ்வொரு மேசைக்கும் சென்று இதைச் செய்ய வேண்டியதில்லை. எல்லாக் கணினிகளுக்கும் பொது விதிகளை வகுக்கும் குரூப் பாலிசியில், இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் என்ற பிரிவின் கீழ், ‘செக்யூரிட்டி பேஜ்’ என்பதில் உள்ள ‘சைட் டு ஸோன் அசைன்மென்ட் லிஸ்ட்’டில் சர்வரின் பெயரையும் அதன் எதிரே 1 என்ற எண்ணையும் எழுதினால் எல்லாக் கணினிகளுக்கும் போய்ச் சேரும். அதன்பின் பயனாளர்கள் தாங்களாகப் பட்டியலில் எதையும் சேர்க்க முடியாது என்பதையும் கவனத்தில் கொண்டு, தேவையான எல்லா சர்வர்களையும் முதலிலேயே எழுதிவிடுங்கள்.

இப்போது ‘ஆல்வேஸ் ஆஸ்க்’ கட்டம் வரும் இரண்டாவது வகை. மென்பொருள் நிறுவனம் அனுப்பிய புதிய பதிப்பை யாரோ பிரவுசர் வழியாக இறக்கி, அப்படியே சர்வரில் வைத்திருப்பார்கள். இன்டர்நெட்டிலிருந்து வந்த கோப்பின் மீது விண்டோஸ் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறிப்பை ஒட்டி வைக்கிறது. அதில் முக்கியமானது மண்டல எண் 3 என்ற ஒரு சிறு வரி. அந்தக் குறிப்பு கோப்போடு சேர்ந்து சர்வருக்கும் வந்துவிடுவதால், முகவரியை எத்தனை முறை சேர்த்தாலும் எச்சரிக்கை நிற்காது. சர்வரில் அந்தக் கோப்பின் மேல் ரைட் கிளிக் செய்து, ‘ப்ராப்பர்ட்டீஸ்’ திறந்து, ‘ஜெனரல்’ பகுதியின் அடியில் உள்ள ‘அன்பிளாக்’ கட்டத்தை டிக் செய்து ஓ.கே. கொடுத்தால், அந்த ஒரு கோப்பின் குறிப்பு மட்டும் நீங்கும். கோப்பு உண்மையிலேயே அந்த நிறுவனத்திடமிருந்து வந்ததுதான் என்று தொலைபேசியில் கேட்டு உறுதிசெய்துகொண்ட பிறகே இதைச் செய்யுங்கள்.

பழுது பார்ப்பவர் சொல்லும் வழி என்ன செய்யும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவர் இன்டர்நெட் மண்டலத்தில் ‘லாஞ்சிங் அப்ளிகேஷன்ஸ் அண்ட் அன்சேஃப் ஃபைல்ஸ்’ என்பதை ‘எனேபிள்’ செய்வார், அல்லது இ.எக்ஸ்.இ. என்ற கோப்பு வகையையே ஆபத்துக் குறைந்தது என்று பதிவு செய்வார். உங்கள் பில்லிங் மென்பொருள் கேள்வியின்றித் திறக்கும் என்பது உண்மைதான். ஆனால் நாளை மின்னஞ்சலிலோ வாட்ஸப் வெப்பிலோ ‘பர்ச்சேஸ் ஆர்டர்’ என்ற பெயரில் வந்து சேரும் நச்சு நிரலும் அதேபோலக் கேள்வியின்றித் திறக்கும். ஒரு சர்வருக்காக உலகம் முழுவதற்கும் கதவைத் திறந்து வைப்பதை எந்த அலுவலகத்துக்கும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

சர்வரைப் பட்டியலில் சேர்த்ததோடு வேலை முடிந்துவிடவில்லை. பெரும்பாலானவர்கள் விட்டுவிடுவது அடுத்த பாதியைத்தான். இனி அந்த ஃபோல்டரில் இருப்பது எதுவானாலும் உங்கள் கணினிகள் கேள்வி கேட்காமல் இயக்கும். அப்படியானால் அந்த ஃபோல்டரில் எழுதும் உரிமை யாருக்கு இருக்கிறது? பல சிறு அலுவலகங்களில் மென்பொருளை நிறுவும்போதே ‘எவ்ரிஒன் – ஃபுல் கன்ட்ரோல்’ என்று கொடுத்துவிட்டுப் போகிறார்கள். ஒரே ஒரு கணினியில் வைரஸ் புகுந்தாலும், அது சர்வரில் உள்ள உங்கள் பில்லிங் நிரலையே மாற்றி எழுதிவிட்டு, மறுநாள் காலை எல்லாரும் அதைத் திறக்கும்வரை காத்திருக்கலாம். நிரல் இருக்கும் ஃபோல்டருக்குப் பணியாளர்களுக்கு ‘ரீட் அண்ட் எக்ஸிக்யூட்’ மட்டும் கொடுங்கள். எழுதும் உரிமை நிர்வாகியின் கணக்குக்கு மட்டும் இருக்கட்டும். பில்களும் கணக்குகளும் சேமிக்கப்படும் ஃபோல்டர் தனியாக இருந்து, அதற்கு மட்டும் எல்லாருக்கும் எழுதும் உரிமை இருந்தால் போதும். ஷேர் அளவில் ஓர் உரிமையும் ஃபோல்டர் அளவில் இன்னோர் உரிமையும் உண்டு என்பதையும், இரண்டில் எது கடுமையானதோ அதுவே நெட்வொர்க் வழியாக வருபவருக்குச் செல்லும் என்பதையும் மறக்க வேண்டாம். நிரலும் தரவும் ஒரே ஃபோல்டரில்தான் இருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கும் பழைய மென்பொருள்கள் உண்டு. அவற்றைத் தந்தவர்களிடம் தனியாகப் பிரிக்கச் சொல்லிக் கேளுங்கள்; ஆண்டுப் பராமரிப்புக் கட்டணம் வாங்குபவர்களிடம் கேட்பதற்கு உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது.

கேள்வி: மயிலாப்பூரில் ஆடிட்டர் அலுவலகம் நடத்துகிறோம். வருமான வரி, ஜி.எஸ்.டி. தளங்களிலிருந்து இறக்கிய எக்ஸெல் யுடிலிட்டிகளைச் சர்வரில் வைத்துப் பயன்படுத்துகிறோம். திறந்தால் மேலே சிவப்புப் பட்டை வந்து மேக்ரோக்களைத் தடுத்துவிட்டதாகச் சொல்கிறது. முன்பு மஞ்சள் பட்டையில் ‘எனேபிள் கன்டென்ட்’ என்று இருந்த பொத்தானும் இல்லை.
– ஒரு வாசகர், மயிலாப்பூர்

பதில்: இன்டர்நெட்டிலிருந்து வந்த ஆஃபீஸ் கோப்புகளின் மேக்ரோக்களை (கோப்புக்குள்ளேயே இயங்கும் சிறு நிரல்களை) இயல்பாகவே தடுப்பது என்று 2022இல் மைக்ரோசாஃப்ட் முடிவெடுத்துச் செயல்படுத்தியது. மேக்ரோ வழியாக வந்த நச்சு நிரல்கள் உலகெங்கும் செய்த சேதத்தைப் பார்க்கும்போது, அந்த முடிவு தாமதமாக வந்தது என்றே சொல்வேன். காரணம் மேலே சொன்ன அதே கண்ணுக்குத் தெரியாத குறிப்புதான், சர்வரை ஐ.பி. எண் வழியாகத் திறந்தால் குறிப்பு இல்லாத கோப்புக்கும் இதே தடை வரலாம்.

யுடிலிட்டி பெரும்பாலும் ஸிப் கோப்பாகவே கிடைக்கிறது. அதைப் பிரித்த பிறகு ஒவ்வொரு கோப்பாக அன்பிளாக் செய்துகொண்டிருக்காமல், பிரிப்பதற்கு முன்பே ஸிப் கோப்பின் ப்ராப்பர்ட்டீஸில் அன்பிளாக் செய்துவிட்டுப் பிரியுங்கள். விண்டோஸ் தன் கையால் ஸிப்பைப் பிரிக்கும்போது அதன் மேல் உள்ள குறிப்பை உள்ளிருக்கும் கோப்புகளுக்கும் கொடுத்துவிடுகிறது. முதலில் ஸிப்பே சரியான இடத்திலிருந்து வந்ததா என்பது முக்கியம். கட்சிக்காரரோ பக்கத்து அலுவலக நண்பரோ வாட்ஸப்பில் அனுப்பிய யுடிலிட்டியை அன்பிளாக் செய்யாதீர்கள். அரசுத் தளத்தின் முகவரியை நீங்களே தட்டிச் சென்று இறக்கிக்கொள்ளுங்கள். ஜூலையிலும் செப்டம்பரிலும் கெடு நெருங்கும் நேரத்தில் இந்த ஒழுக்கம்தான் முதலில் கைவிடப்படுகிறது. உங்கள் அலுவலகத்தில் இருப்பது எத்தனையோ குடும்பங்களின் பான் எண்களும் வங்கி விவரங்களும் என்பதை எண்ணி, அந்த நேரத்திலும் இதைக் கைவிடாதிருங்கள்.

கேள்வி: பாரிமுனையில் காகித மொத்த வியாபாரம் செய்கிறோம். சர்வரில் உள்ள பி.டி.எஃப். பில்களைத் திறக்காமலேயே பக்கவாட்டில் பார்க்கும் வசதி திடீரென்று நின்றுவிட்டது. கோப்பு ஆபத்தானதாக இருக்கலாம் என்று வருகிறது.
– ஒரு வாசகர், பாரிமுனை

பதில்: 2025 அக்டோபர் 14 அன்றும் அதற்குப் பின்னும் வந்த விண்டோஸ் பாதுகாப்பு அப்டேட்கள், இன்டர்நெட்டிலிருந்து வந்த கோப்புகளின் பிரிவ்யூவை நிறுத்திவிட்டன. வெறுமனே பிரிவ்யூ பார்ப்பதன் மூலமே பயனாளரின் லாகின் ரகசியத்தின் ஹாஷ் (பாஸ்வேர்டிலிருந்து கணக்கிடப்படும் மறைகுறி) வெளியே கசிய வழியிருந்ததே காரணம். இன்டர்நெட் மண்டலமாகக் கருதப்படும் சர்வர் ஷேர்களுக்கும் இது பொருந்தும். அம்பத்தூர் வாசகிக்குச் சொன்னபடி உங்கள் சர்வரை லோக்கல் இன்ட்ராநெட் பட்டியலில் சேர்த்தால் பிரிவ்யூ திரும்பக் கிடைக்கும். அப்டேட்டை நீக்கிவிடச் சொல்லும் அறிவுரைகளை ஏற்க வேண்டாம்.

கேள்வி: தி.நகரில் எங்கள் கடையின் பழைய நெட்வொர்க் ஸ்டோரேஜ் பெட்டியைப் புதிய விண்டோஸ் 11 கணினியிலிருந்து திறக்க முடியவில்லை. நிறுவனத்தின் பாதுகாப்புக் கொள்கை கெஸ்ட் அனுமதியைத் தடுக்கிறது என்று வருகிறது. ரிச்சி தெருவில் கேட்டதற்கு எஸ்.எம்.பி. 1 என்பதை ஆன் செய்யச் சொன்னார்கள்.
– ஒரு வாசகர், தி.நகர்

பதில்: நெட்வொர்க்கில் கோப்புகளைப் பகிர்வதற்கான பழைய நெறிமுறையான எஸ்.எம்.பி. 1ஐத் தொடவே வேண்டாம். 2017 மே மாதம் உலகையே உலுக்கிய, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்ட வானாக்ரை என்ற நச்சு நிரல், அந்தப் பழைய நெறிமுறையின் ஓட்டை வழியாகத்தான், யாரும் எதையும் கிளிக் செய்யாமலேயே கணினி விட்டுக் கணினி தாவியது. ஓட்டையை அடைக்கும் அப்டேட் அதற்கு இரண்டு மாதம் முன்பே, மார்ச் 14 அன்றே, வந்திருந்தது, போடாதவர்கள் பாதிக்கப்பட்டார்கள். அதே ஆண்டின் பிற்பகுதியிலிருந்து விண்டோஸின் புதிய நிறுவல்களில் எஸ்.எம்.பி. 1 இயல்பாகச் சேர்க்கப்படுவதில்லை.

உங்கள் சிக்கல் அதுவும் அல்ல. 2024 அக்டோபரில் வெளிவந்த விண்டோஸ் 11 24ஹெச்2 பதிப்பு, நெட்வொர்க்கில் செல்லும் ஒவ்வொரு செய்தியும் கையொப்பமிடப்பட வேண்டும் என்று கேட்கிறது. பாஸ்வேர்டே இல்லாத கெஸ்ட் கணக்கிடம் கையொப்பமிடுவதற்கான சாவி இருக்காது. ஸ்டோரேஜ் பெட்டியின் நிர்வாகப் பக்கத்தில் ஒவ்வொரு பணியாளருக்கும் பயனாளர் பெயரும் பாஸ்வேர்டும் உருவாக்கி, அதன் உள் மென்பொருளான ஃபர்ம்வேரையும் புதுப்பித்து, அந்தப் பெயரில் இணைத்துப் பாருங்கள். ஃபர்ம்வேர் அப்டேட்டே கிடைக்காத அளவுக்குப் பழையது என்றால் பெட்டியை மாற்றும் காலம் வந்துவிட்டது.

கேள்வி: கிண்டியில் சிறு அலுவலகங்களுக்கு மென்பொருள் எழுதித் தருகிறோம். ‘பப்ளிஷர் அன்நோன்’ என்று வருவதை வாடிக்கையாளர்கள் விரும்புவதில்லை. ஜி.எஸ்.டி. தாக்கல் செய்ய வாங்கிய டிஜிட்டல் கையொப்ப டோக்கனாலேயே மென்பொருளில் கையொப்பமிட முடியுமா?
– ஒரு வாசகர், கிண்டி

பதில்: முடியாது. அந்த டோக்கனில் உள்ள சான்றிதழ், ஆவணங்களில் கையொப்பமிடுவதற்காக வழங்கப்பட்டது. நிரல்களுக்கான ‘கோட் சைனிங்’ சான்றிதழ் தனி வகை. விண்டோஸ் நம்பும் சான்றளிப்பு நிறுவனம் ஒன்றிடம், உங்கள் நிறுவனத்தின் பதிவு ஆவணங்களைக் காட்டி அதை வாங்க வேண்டும். 2023 ஜூன் 1 முதல் இதன் ரகசியச் சாவி வன்பொருள் டோக்கனிலோ அதற்கு இணையான பாதுகாப்புச் சாதனத்திலோதான் இருக்க வேண்டும் என்பது விதி. கையொப்பமிடும்போது நேர முத்திரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அப்போதுதான் சான்றிதழ் காலாவதியான பின்னும், அதற்கு முன் நீங்கள் வெளியிட்ட மென்பொருளின் கையொப்பம் செல்லும்.

கையொப்பமிட்ட உடனே எல்லா எச்சரிக்கைகளும் மறைந்துவிடும் என்று வாடிக்கையாளர்களுக்கு வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். இன்டர்நெட் மண்டலத்திலிருந்து திறந்தால் பெட்டி வரும். ஆனால் அதில் உங்கள் நிறுவனத்தின் பெயர் இருக்கும். நிர்வாகி அனுமதி கேட்கும் பெட்டியிலும் மஞ்சள் நிறம் போய் நீல நிறமும் உங்கள் பெயரும் வரும். ‘விண்டோஸ் ப்ரொடெக்டட் யுவர் பி.சி.’ என்ற ஸ்மார்ட்ஸ்கிரீன் எச்சரிக்கை மட்டும், அந்தக் கோப்புக்கும் சான்றிதழுக்கும் நற்பெயர் சேரும்வரை சில காலம் தொடரக்கூடும். செலவு செய்யத் தகுந்ததா என்றால், ஆம் என்பேன். யார் எழுதியது என்று தெரியாத நிரலை நம்புமாறு வாடிக்கையாளரைப் பழக்குவது, நாளை வேறொருவர் அனுப்பும் நிரலையும் அவர் நம்புவதற்குப் பழக்குவதாகும்.

கேள்வி: சர்வரில் பொது ஃபோல்டரில் ‘இன்வாய்ஸ்’ என்ற பெயரில் பி.டி.எஃப். படத்துடன் ஒரு கோப்பு இருந்தது. திறந்தபோது எச்சரிக்கை வந்தது. வழக்கம்போல் ‘ரன்’ அழுத்திவிட்டேன். எதுவும் திறக்கவில்லை. பயமாக இருக்கிறது.
– ஒரு வாசகி, பெரம்பூர்

பதில்: உங்களுக்குத் தனியாகவும் பதில் அனுப்பியிருக்கிறோம், மற்றவர்களுக்கும் பயன்படும் என்பதால் இங்கும் வெளியிடுகிறோம். பி.டி.எஃப். கோப்பைத் திறக்கும்போது இயக்கலாமா என்ற கேள்வி வராது. வந்தது என்றால் அது பி.டி.எஃப். படம் போட்ட நிரல்.

உடனே அந்தக் கணினியின் நெட்வொர்க் கேபிளைக் கழற்றுங்கள், வைஃபையையும் நிறுத்துங்கள். ஃபார்மட் செய்ய அவசரப்படாதீர்கள். என்ன நடந்தது என்பதற்கான தடயம் அதில்தான் இருக்கிறது. சர்வரில் உள்ள அந்தக் கோப்பை வேறு யாரும் திறக்காதபடி அலுவலகத்தில் எல்லாரிடமும் வாய்விட்டுச் சொல்லுங்கள். தயக்கத்தால் மறைப்பதுதான் ஒரு கணினியின் பாதிப்பை எல்லாக் கணினிகளுக்கும் பரப்புகிறது. அந்தக் கணினியில் பயன்படுத்திய வங்கி, மின்னஞ்சல் பாஸ்வேர்டுகளை வேறொரு கணினியிலிருந்தோ கைப்பேசியிலிருந்தோ மாற்றுங்கள். கடைசியாக எடுத்த பேக்கப் ஹார்ட் டிஸ்க்கை, கணினிகள் சுத்தமானவை என்று உறுதியாகும்வரை எதிலும் செருகாதீர்கள்.

பணம் ஏதும் போயிருந்தால் 1930 என்ற தேசிய உதவி எண்ணை உடனே அழையுங்கள். தாமதமாகும் ஒவ்வொரு மணி நேரமும் பணம் கைமாறிக்கொண்டே போகும். உங்களுடையது பதிவு பெற்ற நிறுவனம் என்றால், 2022 ஏப்ரல் 28 அன்று கணினிப் பாதுகாப்புக்கான மத்திய அரசு அமைப்பான செர்ட்-இன் வெளியிட்ட உத்தரவின்படி, இத்தகைய சம்பவத்தை அறிந்த 6 மணி நேரத்துக்குள் அந்த அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும். உங்கள் நிர்வாகியிடம் இதை இன்றே சொல்லுங்கள். அந்தக் கோப்பைப் பொது ஃபோல்டரில் வைத்தது எந்தக் கணினி என்பதையும் சேர்த்துக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். கோப்பின் ப்ராப்பர்ட்டீஸில், ‘செக்யூரிட்டி’யின் ‘அட்வான்ஸ்டு’ பகுதியில் ‘ஓனர்’ என்று இருக்கும் பெயரிலிருந்து தேடலைத் தொடங்கலாம். உங்களுக்கு முன்பே இன்னொருவர் கணினியில் அது புகுந்திருக்கக்கூடும்.